உடம்பு முழுக்க வலி, டெஸ்ட் எல்லாம் நார்மல்: ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு வடசென்னையில யாரைப் பார்க்கலாம்?

சுமதி_தண்டையார்பேட்டை | செவ்வாய், இரவு 11.20

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 38 வயசு. வீட்டுலயே ப்ளவுஸ் தைக்கிறேன், புடவைக்கு ஃபால்ஸ் அடிச்சுத் தரேன். சில வருஷத்துக்கு முன்னாடி கழுத்துல ஆரம்பிச்ச வலி இப்ப தோள், முதுகு, இடுப்பு, தொடை, முழங்கைன்னு எல்லா இடத்துக்கும் பரவிடுச்சு. ஒரு நாள் இங்க அதிகம், ஒரு நாள் அங்க அதிகம். ராத்திரி படுத்து காலையில எழுந்தா தூங்கின மாதிரியே இல்ல. அளவு எடுத்து நோட்டுல எழுதறதுக்குள்ள எண் மறந்துபோயிடுது, திரும்ப அவங்களையே நிக்கச் சொல்லி அளவெடுக்கிறேன்.

தெருமுனை டாக்டர் வலி ஊசி போட்டார். அப்புறம் எலும்பு டாக்டர், எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. கழுத்துல லேசா தேய்மானம், அது வயசுக்குச் சகஜம்னு சொன்னாங்க. ரத்தப் பரிசோதனையில ஒண்ணும் இல்ல. போன வாரம் பார்த்த டாக்டர் சீட்டுல "ஃபைப்ரோமயால்ஜியா"ன்னு எழுதி பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டார். அப்படின்னா என்ன சார்னு கேட்டேன். டென்ஷனைக் குறைங்கம்மான்னு சொல்லிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுட்டார்.

வீட்டுல மாமியார் சொல்றாங்க, "டாக்டரே ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாரு, அப்புறம் இன்னா வலி?" வீட்டுக்காரர் வாயைத் திறந்து எதுவும் சொல்றதில்ல, ஆனா அவர் மனசுலயும் அந்தக் கேள்வி இருக்குன்னு தெரியுது.

இது நிஜமாவே ஒரு வியாதியா? யாரைப் பார்த்தா தீர்மானமா சொல்லுவாங்க? எம்.ஆர்.ஐ.க்கே கையில இருந்த காசெல்லாம் போயிடுச்சு, அதனால அரசு ஆஸ்பத்திரியா இருந்தா நல்லது.

---

ரவி_கொருக்குப்பேட்டை | செவ்வாய், இரவு 11.48

அக்கா, எங்கம்மாவுக்கும் இப்படித்தான் உடம்பெல்லாம் வலின்னு படுத்தே இருந்தாங்க. கடைசியில தைராய்டு. மாத்திரை ஆரம்பிச்ச சில மாசத்துல நல்லா ஆயிட்டாங்க. "எல்லாம் நார்மல்"னு சொல்றீங்களே, தைராய்டு, வைட்டமின் டி ரெண்டும் பார்த்தாங்களான்னு ரிப்போர்ட்டை எடுத்து ஒரு தடவை பாருங்க. நிறைய இடத்துல சர்க்கரை, உப்பு, ஹீமோகுளோபின் பார்த்துட்டு எல்லாம் பார்த்தாச்சுன்னு சொல்லிடறாங்க.

---

ஆயிஷா_டீச்சர் | புதன், காலை 6.05

சுமதி, நீங்க சொன்ன அந்த அளவு மறக்கிற விஷயம் எனக்கு அப்படியே பொருந்துது. வியாசர்பாடியில ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். போர்டுல பாதி கணக்கு போட்டுட்டு அடுத்த வரி என்னன்னு நின்னிருக்கேன். ஃபைப்ரோமயால்ஜியாவுல வலியோட சேர்த்து இந்த மந்தமும் வரும்னு டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு உயிரே வந்துச்சு. அதுவரைக்கும் சின்ன வயசுலயே மறதி நோய் வந்துடுச்சோன்னு பயந்துட்டு யார்கிட்டயும் சொல்லாம இருந்தேன்.

வியாதியான்னு கேட்டீங்களே, வியாதிதான். உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல் புதுப் பதிப்பு 2022 ஜனவரியில நடைமுறைக்கு வந்துச்சு. அதுல நாள்பட்ட பரவலான வலிங்கற தலைப்புல இது இருக்கு. மாமியார்கிட்ட அதைச் சொல்லிப் பிரயோஜனம் இருக்காது, உங்க மனசுக்காகச் சொல்றேன்.

---

பிசியோ_திருவொற்றியூர் | புதன், காலை 7.30

நான் பிசியோதெரபிஸ்ட். மருந்து எழுதற ஆள் இல்லை, அதனால மருந்து விஷயத்துல டாக்டர் சொல்றதுதான் முடிவு. இந்த வலியோட வர்றவங்களைத் தினமும் பார்க்கிறேன், அதனால கொஞ்சம் விரிவா எழுதறேன்.

ஃபைப்ரோமயால்ஜியாவை உறுதிப்படுத்த ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. ரிப்போர்ட் நார்மலா வந்ததை "உங்களுக்கு ஒண்ணும் இல்ல"ன்னு எடுத்துக்கக் கூடாது. வேற நோய் இல்லைங்கறதுக்கு அது ஒரு சான்று, அவ்வளவுதான். மிச்சத்தை டாக்டர் கேள்வி கேட்டும் தொட்டுப் பார்த்தும்தான் கண்டுபிடிக்கணும்.

எப்படின்னா, 1990-ல அமெரிக்க வாதவியல் கல்லூரி கொண்டுவந்த முறையில உடம்புல 18 புள்ளிகளை விரலால அழுத்திப் பார்ப்பாங்க, 11 இடத்துல வலிச்சா ஃபைப்ரோ. பல டாக்டர்கள் இன்னும் அதையே நினைவுல வெச்சிருக்காங்க. 2010-ல அதை மாத்தினாங்க, 2016-ல திருத்தினாங்க. இப்போ உடம்பை 19 பகுதியாப் பிரிச்சு, போன ஒரு வாரத்துல எத்தனை பகுதியில வலி இருந்துச்சுன்னு எண்ணுவாங்க. இன்னொரு பக்கம் அசதி, தூங்கி எழுந்தும் களைப்பு தீராதது, ஞாபகக் குறைவு இந்த மூணுக்கும் 0-லிருந்து 3 வரைக்கும் மார்க். தலைவலி, அடிவயித்து வலி, மனச்சோர்வுக்குத் தலா 1. மொத்தம் 12. வலிப் பகுதி குறைஞ்சது 7-ம் இந்த மார்க் குறைஞ்சது 5-ம் இருந்தா, இல்லைன்னா பகுதி 4-லிருந்து 6-க்குள்ள இருந்து மார்க் குறைஞ்சது 9 இருந்தா, ஃபைப்ரோன்னு சொல்லலாம். ஆனா வலி உடம்போட ஒரே பக்கத்துல மட்டும் இருக்கக் கூடாது, குறைஞ்சது 3 மாசமாவது தொடர்ந்திருக்கணும். வேற மூட்டு நோய் இருந்தாலும் கூடவே இதுவும் இருக்கலாம்னு 2016 திருத்தம் தெளிவாச் சொல்லுது. முடக்குவாதம் இருக்கிறவங்கள்ல கணிசமான பேருக்கு ஃபைப்ரோவும் இருக்கு.

ரவி சொன்னது சரி. முழு ரத்த எண்ணிக்கை, உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டற ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் டி, தேவைப்பட்டா பி12, தசை நொதி சி.கே. இதெல்லாம் ஒரு தடவை பார்த்திருக்கணும். வைட்டமின் டி ரொம்பக் குறைஞ்சா எலும்பே வலிக்கும், அது தனிப் பிரச்சினை. கொழுப்புக்கு ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடறவங்களுக்கும் தசை வலி வரலாம். சிக்குன்குனியா வந்தவங்களுக்கு மூட்டு வலி மாசக்கணக்கா, சிலருக்கு வருஷக்கணக்கா நிக்கும். 2006-ல நம்ம ஊர்ல வந்தப்போ அவஸ்தைப்பட்டவங்க இன்னும் பல பேர் இருக்காங்க, அதனால அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

மூட்டு வீங்கிச் சூடா இருக்கிறது, காய்ச்சல், காரணமில்லாம எடை குறையறது, கை கால்ல பலமே இல்லாம போறது, இதுல ஏதாவது இருந்தா தள்ளிப்போடாதீங்க. அது ஃபைப்ரோவோட அடையாளம் இல்லை.

ஏன் வலிக்குதுன்னு கேட்பீங்க. ஆடி மாசம் அம்மன் கோயில் கூழ் ஊத்தறப்போ சவுண்ட் செட்காரர் ஆம்ப்ளிஃபயரை முழுசாத் திருகி வெச்சா, மைக் பக்கத்துல ஒருத்தர் இருமினாக்கூட தெருக்கோடி வரைக்கும் கேட்கும் இல்லையா? இருமலும் நிஜம், கேட்கிற சத்தமும் நிஜம், பெருக்கற கருவிதான் ஏறிக்கிடக்குது. தண்டுவடமும் மூளையும் வலி சமிக்ஞையைப் பெருக்கற விதம் அப்படி மாறிப்போகுது. அதனாலதான் வலிக்கிற இடத்தை ஸ்கேன் எடுத்தா ஒண்ணும் தெரியறதில்ல.

---

சிவகுமார்_பெரம்பூர் | புதன், காலை 9.15

தப்பா எடுத்துக்காதீங்க, தெரிஞ்சுக்கத்தான் கேட்கிறேன். என் தங்கச்சிக்கு இதே பேர்தான் சொன்னாங்க. எழுதிக்கொடுத்த மாத்திரையை மெடிக்கல்ல காட்டினா, இது மன அழுத்தத்துக்குக் கொடுக்கிற மாத்திரைன்னு சொல்லிட்டான். அவ அன்னிக்கே தூக்கிப் போட்டுட்டா. என்னைப் பைத்தியம்னு நினைச்சுட்டாங்கன்னு அழுதா. மனசுலதான் பிரச்சினைன்னா டாக்டர் நேரடியா சொல்லலாமே, ஏன் வலின்னு சொல்லி அந்த மாத்திரையைக் கொடுக்கணும்?

---

ஆயிஷா_டீச்சர் | புதன், மதியம் 1.10

சிவகுமார் சார், உங்க தங்கச்சி அழுததுல நியாயம் இருக்கு. அந்த ஒரு நிமிஷ விளக்கத்தை டாக்டர் சொல்லியிருக்கணும். எனக்கும் அந்த மாதிரி மாத்திரைதான், அமிட்ரிப்டிலின். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற அளவை விட ரொம்பக் குறைவா, ராத்திரி 10 மில்லிகிராம்ல ஆரம்பிச்சாங்க. நரம்பு வழியா வர்ற வலி சமிக்ஞையை அடக்கவும் தூக்கத்தை ஆழமாக்கவும் அது உதவுது. டுலோக்செட்டினும் அதே மாதிரி ரெண்டு வேலைக்கும் பயன்படற மருந்து. ப்ரீகாபலின் வலிப்பு நோய்க்கும் கொடுக்கிற மருந்து. அமெரிக்காவுல ஃபைப்ரோவுக்குன்னே 2007-ல ப்ரீகாபலினையும் 2008-ல டுலோக்செட்டினையும் அனுமதிச்சாங்க. எல்லாருக்கும் எல்லாம் கேட்காது, முழுசா வலியை எடுக்கவும் எடுக்காது. எனக்குத் தூக்கம் வந்துச்சு, அதுவே பெரிய விஷயம்.

தங்கச்சிகிட்ட சொல்லுங்க, இந்த மருந்துகளை நாமளா நிறுத்தவும் கூடாது, கூட்டவும் கூடாது. ஒத்துக்கலைன்னா டாக்டர்கிட்ட போய்ச் சொன்னா மாத்தித் தருவாங்க. தினமும் வலியோட இருக்கிறவங்களுக்கு மனசும் சோர்ந்து போகும், அதுக்கும் சிகிச்சை எடுத்துக்கிறதுல அவமானம் ஒண்ணும் இல்ல. யார்கிட்டயாவது பேசணும்னா 14416, டெலி மானஸ்ங்கற அரசோட மனநல உதவி எண். தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

---

மீனா_காசிமேடு | புதன், இரவு 8.40

சுமதிம்மா, இப்பத்தான் வியாபாரம் முடிஞ்சு வந்து படிச்சேன். நான் மீன் விக்கறவ. விடிகாலைல ஏலத்துக்கு நிக்கணும், ஐஸ்ல கை வெச்சுக்கினே இருக்கணும். குளிர் பட்டா எனக்கு வலி ரெண்டு மடங்கு. முதல்ல எல்லாரும் "ஐஸ்ல நின்னா வாயு பிடிக்கும்"னு சொன்னாங்க. அப்புறம் புத்தூர் கட்டு, தைலம், ஊசி, எல்லாம் ஆச்சு. ஒரு தனியார் ஆஸ்பத்திரில தோள்பட்டைல ஊசி போட்டு பில்லைக் கையில கொடுத்தாங்க, வலி அங்கேயேதான் இருந்துச்சு.

கடைசியில அரசு ஆஸ்பத்திரியில ஒரு சின்னப் பொண்ணு டாக்டர்தான் கண்டுபிடிச்சது. என் வயசுல பாதிதான் இருக்கும். ஓ.பி. சீட்டைத் திருப்பி, பின்பக்கம் மனுஷ உருவம் மாதிரி ரெண்டு வரைஞ்சுச்சு, முன்பக்கம் ஒண்ணு, முதுகுப்பக்கம் ஒண்ணு. "அம்மா, போன வாரம் எங்கெங்க வலிச்சுதோ அங்கல்லாம் நீங்களே கோடு போடுங்க"ன்னு பேனாவை என் கையில குடுத்துச்சு. நான் தாடையில கோடு போட்டப்போ நிறுத்தி, "தாடையும் வலிக்குதா? சொல்லவே இல்லையே"ன்னு கேட்டுச்சு. தாடை வலிக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? பல் வலின்னு நினைச்சுட்டு இருந்தேன். ஒண்ணொண்ணா எண்ணிப் பார்த்துட்டு, தூக்கம் எப்படி, வயிறு எப்படின்னு கேட்டு, மூட்டை எல்லாம் அமுக்கிப் பார்த்துட்டு அப்புறம்தான் பேர் சொல்லுச்சு. இது உயிருக்கு ஆபத்து இல்ல, மூட்டைக் கோணலாக்காது, ஆனா கூடவே இருக்கும், குறைச்சுக்கலாம்னு சொல்லுச்சு. வெளிய வந்து பெஞ்ச்ல உக்காந்து நல்லா அழுதேன். பொய் சொல்லலைன்னு ஒருத்தர் ஒத்துக்கிட்டாங்களே.

நீங்க எங்க போகணும்னா, தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோ ஏறி சென்ட்ரல்ல இறங்கினா ஜி.ஹெச். அங்க வாதநோய்க்குன்னே தனித் துறை இருக்கு, ருமட்டாலஜின்னு கேளுங்க. பக்கத்துலயே போகணும்னா ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில ஜெனரல் மெடிசின் ஓ.பி.ல காட்டி, எங்க எழுதித் தர்றாங்களோ அங்க போங்க. எந்த நாள் எந்தப் பிரிவுன்னு கவுண்டர்ல கேட்டு எழுதி வெச்சுக்கோங்க. சீக்கிரம் போங்க, கூட்டம் ஜாஸ்தி, நிக்க முடியாது. பழைய சீட்டு, எம்.ஆர்.ஐ., எல்லாத்தையும் தேதி வரிசையா ஒரு ஃபைல்ல போட்டுக்கினு போங்க. அங்க ஒரு ஆளுக்குக் கிடைக்கிற நேரம் கொஞ்சம், அதனால ஒரே பக்கத்துல எழுதிக்கினு போங்க: எப்ப ஆரம்பிச்சுது, எங்கெங்க, தூக்கம், மறதி, வயிறு, தலைவலி, இதுவரைக்கும் சாப்பிட்ட மாத்திரை, வீட்டுல யாருக்காவது முடக்குவாதம் உண்டா. நான் வாயால சொல்றப்போ பாதி விட்டுப்போகும். பேப்பரா குடுத்தா அவங்க படிச்சுக்கிறாங்க.

இது எல்லாத்தையும் விட முக்கியமா ஒண்ணு சொல்றேன். தனியா போகாதீங்க. வீட்டுக்காரரைக் கூட கூட்டிக்கினு போங்க, வெளிய பெஞ்ச்ல உக்கார வைக்காதீங்க, டாக்டர் முன்னாடி கொண்டுபோய் நிறுத்துங்க. வீட்டுல எல்லாரையும் ஒரே நேரத்துல நம்ப வைக்க நம்மால ஆகாது. ஒருத்தர் நம்பினா போதும். நாம சொன்னா சாக்கு, டாக்டர் சொன்னா சேதி, அதுதான் நம்ம வீடுங்க நிலைமை. நான் என் பெரிய பொண்ணைக் கூட்டிக்கினு போனேன். அதுக்கப்புறம் மத்தவங்களுக்கு அவளே பதில் சொல்லிட்டா, எனக்கு வாய் வலி மிச்சம்.

---

எண்ணூர்_லாரி | வியாழன், காலை 5.20

ஆம்பளைங்களுக்கும் இது வருமான்னு யாராவது சொல்லுங்க. எனக்கு வந்திருக்கு, ஆனா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. கன்டெய்னர் ஓட்டறேன். ஹார்பர் கேட்டுக்கு வெளிய லைன்ல மணிக்கணக்குல கிடக்கணும், சீட்டுலயே தூக்கம். உடம்பு வலின்னு சொன்னா "சரக்கை நிறுத்து"ன்னு சொல்றாங்க. நான் குடிக்கிறதே இல்ல.

என்னைப் பார்த்த டாக்டர் ஒரு விஷயம் கேட்டார், தூக்கத்துல குறட்டை எப்படின்னு. வீட்டுல கேட்டேன், மூச்சே நின்னு நின்னு வருதுன்னு சொன்னாங்க. இப்ப தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் குடுத்திருக்கார். தூக்கத்துல மூச்சு அடைக்கிற பிரச்சினை இருந்தா வலி, அசதி எல்லாம் கூடும், முதல்ல அதைச் சரி பண்ணணும்னு சொன்னார்.

இன்னொண்ணு. ப்ரீகாபலின் எழுதறப்போ நான் டிரைவர்னு சொன்னேன். உடனே ரொம்ப யோசிச்சார். தலை சுத்தல், தூக்கக் கலக்கம் வரும், ஆரம்பத்துல வண்டி எடுக்காதன்னு சொல்லிட்டார். வேலைக்குப் போகாம எப்படி? வேற வழி இருக்கான்னு கேட்டதுக்கு, முதல்ல தூக்கத்தைப் பார்ப்போம், நடக்க ஆரம்பின்னு சொல்லியிருக்கார். வண்டி ஓட்டறவங்க, மெஷின்ல வேலை செய்யறவங்க, உங்க தொழிலைக் கட்டாயம் டாக்டர்கிட்ட சொல்லுங்க. அவங்களா கேட்க மாட்டாங்க.

---

பிசியோ_திருவொற்றியூர் | வியாழன், காலை 7.10

அண்ணா, ஆண்களுக்கும் வரும். பெண்கள்ல அதிகமாக் கண்டுபிடிக்கப்படுது, அதனாலயே ஆண்களுக்கு வந்தா யாருக்கும் சந்தேகம் வர்றதில்ல. குறட்டையைக் கேட்ட டாக்டர் நல்ல டாக்டர், விட்டுடாதீங்க.

நடக்கச் சொன்னதும் சும்மா ஒப்புக்குச் சொன்னதில்ல. ஐரோப்பிய வாதவியல் அமைப்பு 2017-ல வெளியிட்ட பரிந்துரையில, எல்லா சிகிச்சையையும் அலசிப் பார்த்துட்டு வலுவான பரிந்துரைன்னு சொன்னது உடற்பயிற்சி ஒண்ணைத்தான். மருந்து எல்லாம் அதுக்கு அடுத்த நிலையிலதான். சாதாரண வலி மாத்திரையை மட்டும் நம்பி இருக்கிறதுல இதுக்குப் பலன் கிடையாது, மாசக்கணக்கா முழுங்கினா வயிறும் கிட்னியும்தான் கெடும். ஸ்டீராய்டு இதுக்கு மருந்தே இல்ல.

ஆனா பயிற்சியை ஆரம்பிக்கிற விதம் முக்கியம். முதல் நாளே அரை மணி நேரம் நடந்துட்டு மறுநாள் எழுந்திருக்க முடியாம படுத்து, பயிற்சி எனக்கு ஆகாதுன்னு விட்டுடறவங்கதான் என்கிட்ட அதிகம் வர்றாங்க. அஞ்சு நிமிஷம் போதும். அதே அஞ்சு நிமிஷத்தை வலி குறைஞ்ச நாள்லயும் வலி கூடின நாள்லயும் விடாம செய்யுங்க. ஒரு வாரம் ரெண்டு வாரம் தாங்குதுன்னா ஒரு நிமிஷம் கூட்டுங்க.

---

சிவகுமார்_பெரம்பூர் | வியாழன், காலை 10.30

ஆயிஷா மேடம், நீங்க எழுதினதைத் தங்கச்சிக்கு அனுப்பினேன். படிச்சுட்டு திரும்ப டாக்டர்கிட்ட போறேன்னு சொல்லியிருக்கா. நன்றி. அவ இன்னொண்ணு கேட்கிறா. ஓட்டேரியில ஒருத்தர் பொடி தர்றார், மூணு நாள்ல வலி போயிடுதாம். வாங்கலாமா?

---

பிசியோ_திருவொற்றியூர் | வியாழன், காலை 11.05

வேணாம் சார். பாக்கெட்டுல பேர் இல்ல, என்ன சேர்ந்திருக்குன்னு எழுதியில்லைன்னா தொடாதீங்க. அந்த மாதிரி பொடியில, மாத்திரையில ஸ்டீராய்டு கலந்து தர்றது நடக்கிற விஷயம். மூணு நாள்ல மாயமா வலி போறதே அதுக்கு அடையாளம். பிறகு முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு அரிக்கும், திடீர்னு நிறுத்தினாலும் ஆபத்து. சித்த மருத்துவம் பார்க்க ஆசைப்பட்டா அரும்பாக்கம் அண்ணா மருத்துவமனைக்கோ தாம்பரம் சானடோரியம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கோ போகட்டும். அங்க போனாலும் இப்ப சாப்பிடற மாத்திரையைச் சொல்லணும்.

---

ஜோசப்_ராயபுரம் | வியாழன், இரவு 9.50

மூணு நாளா படிச்சுட்டிருக்கேன், எழுதலாமான்னு யோசிச்சேன். என் மனைவிக்கு இது இருக்கு. வீட்டுக்காரங்க பக்கம் இருந்து யாரும் எழுதலைங்கறதால எழுதறேன்.

சுமதி சிஸ்டர், உங்க வீட்டுக்காரர் பேசாம இருக்கிறதை நம்பிக்கை இல்லாததுன்னு முடிவு பண்ணிடாதீங்க. காய்ச்சல்னா தொட்டுப் பார்த்துத் தெரிஞ்சுக்கலாம், அடிபட்டா ரத்தத்தைப் பார்க்கலாம். இதுல பார்க்கிறவனுக்கு எதுவும் புலப்படாது. காலையில சிரிச்சுப் பேசினவங்க மத்தியானம் படுத்துட்டா என்ன பண்றதுன்னே தெரியாது. ஆறுதல் சொன்னாலும் தப்பாப் போகுது, சும்மா இருந்தாலும் தப்பாப் போகுது.

எங்க வீட்டுல பழக்கத்துக்கு வந்த ஒண்ணைச் சொல்றேன். நாங்க இருக்கிறது ரெண்டாவது மாடி, தண்ணி கீழே அடிபம்புல. குடம் தூக்கறது இப்ப என் வேலை, அதுல பேச்சுக்கே இடமில்ல. அவங்க காலையில ஒண்ணுலிருந்து பத்துக்குள்ள ஒரு எண் சொல்லுவாங்க. நாலுன்னா சமையல் அவங்க. ஏழுன்னா இட்லி கடையில வாங்கறோம், பசங்க துணி மடிக்கிறாங்க. ஏன் எதுக்குன்னு யாரும் கேட்கிறதில்ல. அவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் வலியை விவரிச்சு நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லாம போச்சு. எண் ரெண்டு, மூணுன்னு வர்ற நாள்லதான் நான் ஜாக்கிரதையா இருப்பேன். அன்னிக்கு வீடு முழுக்க ஒட்டடை அடிக்கக் கிளம்பிடுவாங்க, மறுநாள் எட்டு.

சொந்தக்காரங்க விஷயம் வேற. கல்யாணத்துக்கு வரலைன்னா கோவிச்சுக்கிறாங்க. கோவிச்சுக்கட்டும்னு விட்டுட்டோம்.

---

ஆயிஷா_டீச்சர் | வெள்ளி, காலை 6.15

ஜோசப் அண்ணா, இந்த எண் விஷயத்தை எங்க வீட்டுலயும் ஆரம்பிக்கப் போறேன்.

வேலைக்குப் போறவங்களுக்கு ஒரு தகவல். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை பட்டியல் இருக்கு, அதுல ஃபைப்ரோமயால்ஜியா இல்ல. அந்தச் சான்றிதழ் வாங்கித் தரேன்னு யாராவது காசு கேட்டா ஏமாறாதீங்க. நான் தலைமையாசிரியைகிட்ட டாக்டர் எழுதின கடிதத்தைக் காட்டி, மேல்மாடி வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாத்தித் தரச் சொன்னேன். மாத்திட்டாங்க. நோயைப் பத்தி நீளமா விளக்கறதை விட, எனக்கு இது வேணும்னு ஒரே ஒரு விஷயத்தைக் கேட்டது பலிச்சுது. எல்லா மேலதிகாரியும் அப்படி இருப்பாங்கன்னு சொல்ல மாட்டேன்.

---

சுமதி_தண்டையார்பேட்டை | அடுத்த வாரம் வியாழன், இரவு 10.30

போயிட்டு வந்தேன். மீனாக்கா சொன்ன மாதிரி ஒரு பக்கம் எழுதிக்கிட்டு, ஃபைலோட, அவரையும் கூட்டிட்டுப் போனேன். அரை நாள் லீவ் போட்டுட்டு வந்தார். வரிசையில எனக்குப் பதிலா அவர் நின்னார், நான் சுவர் ஓரமா உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் பேப்பரைப் படிச்சார். கை விரல் மூட்டு, மணிக்கட்டு, முழங்கால் எல்லாம் அழுத்திப் பார்த்து வீக்கம் இல்லைன்னு சொன்னார். பழைய ரிப்போர்ட்டுல தைராய்டு பார்த்திருந்தாங்க, நார்மல்தான். வைட்டமின் டி பார்க்கவே இல்ல. ரவி தம்பி சொன்னது சரியாப் போச்சு. அதை எடுத்தாங்க, குறைவா இருக்கு, அதுக்கு மருந்து கொடுத்திருக்காங்க. ஆனா அது மட்டுமே காரணம் இல்ல, உங்களுக்கு ஃபைப்ரோமயால்ஜியா இருக்குன்னு தெளிவாவே சொன்னார். கேள்விக்குறி இல்லாம எழுதினார்.

அப்போ இவர் கேட்டார், "சார், இவங்களுக்கு நிஜமாவே வலிக்குமா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. டாக்டர் கோவப்படலை. "நிஜமாத்தான் வலிக்கும், உங்களையும் என்னையும் இவ்வளவு அழுத்தினா வலிக்காது, இவங்களுக்கு வலிக்கும்"னு சொல்லி இவர் தோளையும் அழுத்திக் காட்டினார். வர்ற வழியில மெட்ரோவுல இவர் எதுவும் பேசலை. வீட்டுக்கு வந்ததும் மெஷினைச் சன்னல் பக்கத்துக்குத் தள்ளிப் போட்டு, முதுகு சாய்ஞ்சுக்கிற மாதிரி நாற்காலி ஒண்ணு கொண்டுவந்து வெச்சார்.

மாமியார் மாறலை. "புதுசு புதுசா பேர் வெக்கறாங்க"ன்னு சொல்றாங்க. பரவாயில்ல.

அமிட்ரிப்டிலின் 10 கொடுத்திருக்காங்க. தூக்கம் வருது, ஆனா காலையில பத்து மணி வரைக்கும் மப்பா இருக்கு, வாய் காயுது. இது எல்லாருக்கும் அப்படித்தானா? அப்புறம் தைக்கிறப்போ எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை எழுந்திருக்கணும்? தீபாவளி ஆர்டர் வரப்போகுது, பயமா இருக்கு.

---

ஆயிஷா_டீச்சர் | வெள்ளி, காலை 6.00

வாய் காயறது எனக்கும் இருந்துச்சு, போகப்போகக் குறைஞ்சுது. படுக்கறப்போ சாப்பிடாம ராத்திரி எட்டு மணி வாக்குல சாப்பிடுன்னு என் டாக்டர் மாத்தித் தந்தார், காலை மப்பு குறைஞ்சுது. அடுத்த தடவை போறப்போ உங்களுக்கும் அப்படி மாத்தலாமான்னு கேளுங்க. சிறுநீர் கழிக்கக் கஷ்டமா இருந்தாலோ நெஞ்சு படபடன்னு அடிச்சாலோ அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காதீங்க.

---

பிசியோ_திருவொற்றியூர் | வெள்ளி, காலை 7.20

போன்ல 25 நிமிஷத்துக்கு அலாரம் வைங்க. தையல் பாதியில இருந்தாலும் அடிச்சதும் எழுந்திருங்க. வலி வந்த பிறகு எழுந்திருக்கிறதுல பலன் இல்ல, வர்றதுக்கு முன்னாடி எழுந்திருக்கணும். ரெண்டு நிமிஷம் நடந்து, தோளைப் பின்னாடி சுழட்டி, தண்ணி குடிச்சுட்டு உட்காருங்க. வெட்டறது ஒரு வேளை, தைக்கிறது ஒரு வேளை, கொக்கி கட்டறது ஒரு வேளைன்னு பிரிச்சுக்கோங்க, ஒரே கை அசைவு நாள் முழுக்க வேணாம். தரையில குனிஞ்சு வெட்டாதீங்க, இடுப்பு உயரத்துக்கு மேஜை வேணும். தீபாவளிக்கு இத்தனை ப்ளவுஸ்தான்னு இப்பவே ஒரு எண் முடிவு பண்ணி, அதுக்கு மேல வர்றவங்களைப் பக்கத்துத் தெரு டெய்லர்கிட்ட அனுப்பிடுங்க.

---

மீனா_காசிமேடு | வெள்ளி, இரவு 8.15

சுமதிம்மா, நல்ல சேதி. ஞாயித்துக்கிழமை நமக்கு வியாபாரம் மத்தியானத்தோட முடியும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ராயபுரம் அண்ணா பூங்காவுக்கு வரேன், முன்னாடி ராபின்சன் பூங்கான்னு சொல்லுவாங்களே, 1949-ல தி.மு.க. ஆரம்பிச்ச இடம். ஒரு சுத்து நடக்கலாம், முடியாதவங்க உக்காரலாம். முடியறவங்க வாங்க. வலி ஜாஸ்தியா இருந்தா வர வேணாம், வரலைன்னு யாரும் கேட்க மாட்டோம்.

---

எண்ணூர்_லாரி | வெள்ளி, இரவு 11.40

ஞாயிறு லோடு இல்லைன்னா நானும் வரேன் அக்கா. தூக்கப் பரிசோதனை அடுத்த மாசம்தான் தேதி கிடைச்சிருக்கு.

---

மீனா_காசிமேடு | சனி, அதிகாலை 3.30

வா தம்பி. ஜோசப் சார், உங்க வீட்டம்மாவையும் கேட்டுப் பாருங்க. மெயின் கேட் உள்ளாற வந்ததும் வலது பக்கம் நிழல் இருக்கிற பெஞ்ச்.